இல்லை என்று சொல்லாத கடை

மூன்றாவது ட்ரையல் ரூம் உள்பக்கமாகத் தாழிட்டிருந்தது.

பெரியக்கா சாவிக்கொத்தோடு அப்படியே நின்றாள். கடையில் உடுத்திப் பார்க்க ஒரு கைக்குட்டைகூட மிச்சமில்லை. துணியெல்லாம் பாதி விலைக்கும் கால் விலைக்கும் போய், அப்புறம் அலமாரி, ஹேங்கர், சுவர்க்கடிகாரம் என்று ஒவ்வொன்றாகப் போய், இன்று மத்தியானம் ஆளுயரப் பொம்மைகளையும் யாரோ வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு யார் இங்கே எதைப் போட்டுப் பார்க்கிறார்கள்?

வாழ்ந்து கெட்ட குடும்பம் என்பார்களே, அந்தக் கதைதான் இந்தக் கடைக்கும். ஒரு காலத்தில் துணி எடுக்கப் போகிறோம் என்றால் எந்தக் கடை என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஊருக்கு ஊர் கிளை. இப்போது ஜனங்கள் கைப்பேசியை விரலால் தள்ளித் தள்ளியே துணி வாங்கிவிடுகிறார்கள். முதலாளியின் பேரன்மார் ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் கிளைகள் வரிசையாக மூடின. இன்று இந்தக் கிளையின் முறை. மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பெரியக்காதான் இங்கே மூத்தவள். அதனால் சாவி அவள் கையில்.

பக்கத்து ஊர்க் கிளையை மூடியபோதும் அங்கிருந்த மூத்தவள்தான் பூட்டினாள். அவளுடைய புருஷன் போன வாரம் போனில் புலம்பினான். "அக்கா, கடை மூடுன நாள்லேர்ந்து அவ அவளா இல்ல. பெத்த பிள்ளையை யாரோ மாதிரி பாக்குறா." வேலை போன துக்கம், கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று பெரியக்கா ஆறுதல் சொன்னாள்.

வாசலில் பாதி இறக்கிய ஷட்டருக்கு அந்தப் பக்கம், பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் பையை மடியில் வைத்துப் படியில் உட்கார்ந்திருந்தாள். சாயங்கால வெளிச்சம் ஷட்டருக்கு அடியில் புகுந்து, வெறும் தரையில் நீண்டு, ட்ரையல் ரூம் கதவு வரைக்கும் வந்திருந்தது.

"அம்மா, பசிக்குது. வாயேன்."

"இதோ பாப்பா. ஒரே ஒரு ரூம். பாத்துட்டு ஓடி வந்துடறேன்."

வாசல் பக்கம் வந்தவள் மறுபடி அந்தக் கதவை நோக்கி நடந்தாள். இடது செருப்பு வழக்கம்போலக் கீச்சிட்டது. துணி இருந்தவரைக்கும் அந்தச் சத்தத்தைத் துணியே விழுங்கிவிடும். இன்று அது காலிச் சுவர்களில் மோதி, அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி நடந்து வருவது போலத் திரும்பி வந்தது. பின்கட்டில் ட்யூப்லைட் ஒன்று முனகிக்கொண்டிருந்தது. துணியே இல்லாத இடத்தில் பிரிக்காத புதுத்துணியின் கஞ்சி வாசனை மூக்கில் ஏறியது.

கதவைத் தட்டினாள். "உள்ள யாருங்க? கடை முடிஞ்சுடுச்சு."

ஏதோ சரசரத்தது. பிறகு ஒரு பெண் குரல், மிகவும் மரியாதையாக.

"ஒரு நிமிஷம்மா. இது ரொம்ப இறுக்குது. வேற அளவு இருக்கா?"

இந்தக் கடையில் வாயில் வரக்கூடாத ஒரு சொல் உண்டு. அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே கிழட்டு முதலாளி கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "இல்லன்னு மட்டும் சொல்லிடாதே. முதல்ல இருக்குன்னு சொல்லு, அப்புறம் போய்த் தேடு." அது அவள் நாக்கில் ஊறி வீடு வரைக்கும் வந்துவிட்டது. சோறு தீர்ந்த சட்டியைக் கையில் வைத்துக்கொண்டே, "இருக்கு, தரேன்" என்பாள். புருஷன் மகளிடம் கேலி செய்வான்: "உங்கம்மாகிட்ட யானை கேட்டுப் பாரு. இருக்கு, எந்தக் கலர்ல வேணும்னு கேப்பா."

இப்போதும் புத்திக்கு முன்னால் வாய் ஓடியது.

"இருக்குங்க. தரேன்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. என்ன இருக்கிறது? எதைத் தருவாள்?

உள்ளே சரசரப்பு நின்றது. கதவுக்கு அடியில் ஒரு சாண் இடைவெளி. வாடிக்கையாளரின் கால் தெரிவதற்கென்றே விட்டது. பெரியக்கா குனிந்து பார்த்தாள்.

கால் இல்லை.

"அப்போ குடுங்க," என்றது குரல். இப்போது அது கதவை ஒட்டி, அவள் காதின் உயரத்திலேயே கேட்டது. "உங்க அளவு எனக்குச் சரியா இருக்கும்னு தோணுது."

தாழ்ப்பாள் மெதுவாக விலகியது.

ஓட வேண்டும். கால் வரவில்லை. இல்லை என்று சொன்னால் போதும். ஒரே ஒரு சொல். வாயைத் திறந்தாள்.

"இ..."

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"இரு... இருக்கு."

கதவு திறந்தது.

பிறகு இருட்டு. கஞ்சி வாசனை. தாழ்ப்பாள் விழும் ஓசை, உள்ளேயிருந்து அல்ல, வெளியேயிருந்து. கையைத் தேடினாள். கை எங்கே? எதிரே கண்ணாடி. அதில் சுவர் தெரிந்தது, சுவரில் ஒரு கொக்கி தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

கதவடியின் வெளிச்சத்தில் இரண்டு செருப்புகள் திரும்பின. அவளுடைய செருப்புகள். இடதுகால் கீச்சிட்டது. வாசலை நோக்கிப் போயிற்று.

"என்னம்மா இவ்ளோ நேரம்?"

"கடைசி கஸ்டமர், பாப்பா." அவளுடைய குரலேதான். "கேட்டதைக் குடுத்துட்டு வந்தேன்."

பாப்பா, கிட்டப் போகாதே. அவள் கத்தினாள். கத்த வாய் இருக்கவில்லை.

"வீட்ல சாப்பிட என்னம்மா இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

மகள் மெல்லக் கேட்டாள்.

"அம்மா... நீ இல்லன்னு சொல்லவே மாட்டியே."

ஷட்டர் இறங்கத் தொடங்கியது. கதவடியில் கிடந்த வெளிச்சம் கோடாக ஒடுங்கியது. அந்தக் கோட்டுக்கு அப்பால் ஒரு கீச்சொலி, அதன் பக்கத்திலேயே சின்னக் கால்கள் ஓடி ஓடி வரும் ஓசை. வெளியே பூட்டு விழுந்தது.