நீலக் கேனில் இருந்த ஆயில்

இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

மீதி நெவில் டிரான்டர் காருக்கு அடியில் இருந்தார்.

காலை எட்டரை. தெற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் கேம்பியர். அங்கே ஜூலைதான் குளிர்காலம். ஒர்க்‌ஷாப் தரையில் ரத்தமும் ஆயிலும் கலந்து ஒரே நிறமாகியிருந்தன.

டிடெக்டிவ் சார்ஜன்ட் ரோண்டா ஸ்கெரிட் மூக்கை மூடிக்கொண்டாள்.

"ஜாக்கி நழுவியிருக்கு. வண்டியைத் தாங்கற ஸ்டாண்ட் வைக்கல. விபத்துனு எழுதிடவா?" என்றான் கான்ஸ்டபிள் டூகல்.

"எழுதாதே."

சொன்னவள் மார்லீன். நெவிலின் மனைவி. அதே ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். அழவில்லை.

"முப்பத்தோரு வருஷம். ஒருநாள்கூட ஸ்டாண்ட் வைக்காம அந்த மனுஷன் அடியில படுத்ததில்ல. நீ விபத்துனு எழுதினா, தொழில் தெரியாதவன் செத்தான்னு ஊர் பேசும். பேச விட மாட்டேன்."

"யார் மேல சந்தேகம்?" என்றாள் ரோண்டா.

"கிளென். எங்க பார்ட்னர். ஆயில் வாங்கறது அவன்தான். ரெண்டு மாசத்துல மூணு டர்போ வண்டி பிஸ்டன் உடைஞ்சு வந்துச்சு. மூணுக்கும் இங்கதான் ஆயில் மாத்தினோம். எந்தக் கேன்ல என்ன இருக்குனு பாக்க இவர் இன்னிக்கு ஆறு மணிக்கே வந்தார்..."

வெளியே டயர் சத்தம்.

வெள்ளை டர்போ கார். முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு. கிளென் பாஸ்கோம் இறங்கினான். கையில் பாதி தின்ற மீட் பை, இறைச்சி அடைத்த பேஸ்ட்ரி. தக்காளி சாஸ் மணிக்கட்டில் வழிந்தது.

கால்களைப் பார்த்தான்.

"ஐயோ... நெவில்..."

சொல்லிவிட்டு இன்னொரு கடி கடித்தான்.

ரோண்டா அவன் முன்னால் போய் நின்றாள்.

"எங்கேர்ந்து வர்றீங்க?"

"அடிலெய்டு. நாலு மணிக்குக் கிளம்பினேன். எங்கயும் நிக்கல. ராத்திரி என் ஃப்ரெண்ட் ஜேசன் வீட்ல தங்கினேன். போன் போட்டுக் கேளுங்க."

டூகல் கேட்டான். போனை அணைத்தான்.

"ஆமாங்கறான். மனப்பாடமா ஒப்பிக்கறான்."

இதற்குள் மார்லீன் அந்தக் காரின் பானட்டைத் திறந்திருந்தாள்.

"என் வண்டியைத் தொடாத மார்லீன்."

அவள் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினாள். துடைத்தாள். விட்டு எடுத்தாள். ஆயில் மேல்கோட்டையும் தாண்டியிருந்தது. விரலில் தேய்த்து ரோண்டாவின் மூக்கருகே நீட்டினாள்.

"பெட்ரோல் நாத்தம்," என்றாள் ரோண்டா.

"இந்த மாதிரி டர்போ இஞ்சின்ல பெட்ரோல் நேரா சிலிண்டருக்குள்ளயே பீய்ச்சும். குளிர்ல கடைக்கும் வீட்டுக்குமா ஓட்டினா, எரியாத பெட்ரோல் கீழ இறங்கி ஆயில்ல கலக்கும். அளவு ஏறும். நிக்காம நாலரை மணி நேரம் ஓடியிருந்தா அந்தச் சூட்டுல முக்கால்வாசி ஆவியாப் போயிருக்கும். இது அடிலெய்டு பக்கமே போகல."

கிளென் சிரித்தான். பல்லிடுக்கில் இறைச்சி.

"ஜட்ஜுக்கும் விரலை மோந்து பாக்கக் குடுப்பியா? அது பழைய ஆயில். அளவுக்கு மேல ஊத்தினது உன் புருஷன்."

ரோண்டா கணக்குப் போட்டாள். வெறும் நாற்றத்தை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது. விட்டால் ஒரு மணி நேரத்தில் எல்லை தாண்டி, பக்கத்து மாநிலமான விக்டோரியாவில் இருப்பான்.

"பழசா?" என்றாள் மார்லீன். "சரி. புதுசு ஊத்திடறேன்."

மூலையிலிருந்து ஒரு நீலக் கேனை இழுத்து வந்தாள். 'டர்போ பெட்ரோல் கார்களுக்கு மட்டும்' என்றது லேபிள். இஞ்சினின் ஆயில் மூடியைக் கழற்றினாள். கேனின் மூடியில் கை வைத்தாள்.

மீட் பை தரையில் விழுந்தது.

"ஊத்தாத! பிஸ்டன் உடைஞ்சிடும்!"

கிளென் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தான்.

மார்லீன் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன் உடையும்? டர்போவுக்குனுதானே போட்டிருக்கு?"

"அது டிராக்டருக்கு ஊத்தற டீசல் ஆயில். அதுல இருக்கற சரக்கு இதுக்கு ஆகாது. மெதுவா போறப்ப ஆக்சிலரேட்டரை அழுத்தினா, பெட்ரோல் நேரத்துக்கு முன்னாடியே வெடிச்சு..."

நிறுத்தினான்.

"கேன் இன்னும் திறக்கவே இல்ல. உள்ள என்ன இருக்குனு உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் ரோண்டா.

கிளென் சாஸை நக்கினான்.

"எல்லாம் தேன் கலர்தான். எவன் பாக்கறான்?"

"நெவில் பாத்தாரு," என்றாள் மார்லீன்.

"பாத்ததோட விட்டானா? ஒவ்வொரு கஸ்டமரையும் கூப்பிட்டுச் சொல்லப் போறேன்னான். எங்கிட்டயே சொல்றான் முட்டாள். ஸ்பேனரால ஒரு அடி... அப்புறம் இழுத்து அடியில போட்டு ஜாக்கியை இறக்கினேன்."

"எழுதிக்கோ டூகல்," என்றாள் மார்லீன். குரல் அப்போதுதான் உடைந்தது. "ஸ்டாண்ட் இல்லாம அவரா படுக்கல. அதை முதல்ல எழுது."

டூகல் எழுதினான்.

ரோண்டா விலங்கை மாட்டினாள். கிளெனின் கையில் ஒட்டியிருந்த சாஸ் அவள் விரலில் பட்டது. சுவரில் தேய்த்தாள். போகவில்லை. மறுபடி தேய்த்தாள்.

"ஊர் வண்டிக்கெல்லாம் விலை கம்மியான டிராக்டர் ஆயில். உன் வண்டிக்கு மட்டும் அசல். அப்படித்தானே?"

"என் வண்டியாச்சே," என்றான் கிளென், அதிலென்ன தப்பு என்பதுபோல.

ஜீப்பில் ஏறும்போது திரும்பினான்.

"எனக்கு நல்ல வக்கீலா ஒருத்தர் வேணும், சார்ஜன்ட்."

"பாத்து எடு," என்றாள் ரோண்டா. "லேபிளை நம்பிடாத."