சுழலாத டிஸ்க்

'டப்' என்று ஒரு சத்தம். அடுத்து, கருகிய வாடை.

சுண்டு சட்டென்று ஒயரைப் பிடுங்கினாள். சித்தி வரைந்த யானைப் படங்களைப் பார்க்கத்தான் அவள் ஹார்ட் டிஸ்க்கை எடுத்தாள். அதன் கரண்ட் ஒயர் கிடைக்கவில்லை. பிரிண்டரின் ஒயர் கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்தினால் சரிதானே என்று செருகிவிட்டாள்.

சித்தி குளித்துக்கொண்டிருந்தாள். டிஸ்க்கைச் சத்தமில்லாமல் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? சுண்டு கொஞ்சம் யோசித்தாள். பிறகு ஓடிப்போய்க் குளியலறைக் கதவைத் தட்டினாள்.

"சித்தி! உங்க டிஸ்க்கை நான் கெடுத்துட்டேன்!"

வெளியே வந்த சித்தியின் முகம் வெளிறிப் போயிருந்தது. பல மாதங்களாக வரைந்த படப் புத்தகம் மொத்தமும் அதில்தான் இருந்தது. சாயங்காலம் அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும்.

"வேற காப்பி இல்லையா, சித்தி?"

"எடுக்கணும் எடுக்கணும்னு நினைச்சேன். நினைச்சதோட சரி!"

சித்தி ஈரத் தலையோடு கிளம்பிவிட்டாள். சுண்டு பின்னாலேயே ஓடினாள்.

கம்ப்யூட்டர் கடைக்கார அக்கா டிஸ்க்கில் வேறு ஒயரைச் செருகி, காதருகே வைத்துக் கேட்டார். "சுத்தவே இல்லையே. கீழே விழுந்துச்சா?"

"விழலைக்கா. நான்தான் பிரிண்டர் ஒயரைச் செருகிட்டேன். டப்புனு சத்தம் வந்துச்சு."

அக்காவின் முகம் மலர்ந்தது. "நல்லவேளை சொன்னே! இல்லைனா உள்ளே ஏதோ உடைஞ்சிருக்குன்னு நினைச்சிருப்பேன்."

அவர் டிஸ்க்கின் உறையைக் கழற்றித் திருப்பினார். அடியில் பச்சை நிறப் போர்டு ஒன்று இருந்தது. அதில் ஒரு கரும்புள்ளி.

"பிரிண்டர் ஒயர்ல வர்ற கரண்ட் அதிகம். அதுல இதுதான் கருகியிருக்கு. படங்க இருக்குற தட்டு உள்ளே பத்திரமா இருக்கும். இதே நம்பர் போட்ட வேற போர்டு கிடைச்சா மாத்திடலாம்."

பெட்டி பெட்டியாகத் தேடினார்கள். ஒன்றும் பொருந்தவில்லை. சித்தி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, தட்டு கெட்டுப்போன டிஸ்க்குல இருந்து போர்டு எடுக்கலாமா?" என்று கேட்டாள் சுண்டு.

"தாராளமா எடுக்கலாம். ஏன்?"

சுண்டு தரையில் படுத்து, மேசைக்கு அடியில் நுழைந்தாள். ஆடும் மேசைக்காலுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு, அவள் முன்பே பார்த்துவைத்திருந்த ஒரு பழைய டிஸ்க் கிடந்தது. தூசியை ஊதினாள். மூன்று முறை தும்மினாள். நம்பரை ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"அதேதான்க்கா! கடைசி எழுத்துகூட அதேதான்!"

"அடடே! தட்டு கீறிப்போச்சுன்னு நான்தான் அங்கே வெச்சேன். சுத்தமா மறந்துட்டேன்!"

சித்தி மேசையைத் தூக்கிப் பிடித்தாள். டிஸ்க் வெளியே வந்தது. அக்கா திருகாணிகளைக் கழற்றினார். கருகிய போர்டிலிருந்து எறும்பு அளவு சில்லு ஒன்றைச் சூடுகாட்டிப் பெயர்த்து, பழைய டிஸ்க்கின் போர்டில் ஒட்டவைத்தார்.

"அது எதுக்குக்கா?"

"உங்க டிஸ்க்கோட சொந்தக் கணக்கு இதுலதான் இருக்கு. இது இல்லைனா இந்தப் போர்டுக்கு உள்ளே இருக்குறதைப் படிக்கத் தெரியாது."

போர்டைச் சித்தியின் டிஸ்க்கில் மாட்டி, சரியான ஒயரைச் செருகினார். மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

விர்ர்ர்ர்...

திரையில் ஒரு குட்டியானை குடை பிடித்து நின்றது. சித்தி 'அப்பாடா' என்று சுண்டுவை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். ஈரக்கூந்தல் சுண்டுவின் முகத்தையெல்லாம் நனைத்தது.

"முதல்ல காப்பி எடுங்க," என்றாள் சித்தி. "ஒண்ணு இல்லை, ரெண்டு!"

காப்பி பாதி ஏறுவதற்குள், சித்தியின் தோளில் சாய்ந்து சுண்டு சுகமாகத் தூங்கிப்போனாள்.