நீதிபதிக்குப் பிள்ளை இல்லை

மாடி அறையில் இருந்த சின்னக் கட்டிலின் தலையணையில் ஒரு குழி விழுந்திருந்தது. அன்று அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை. தூசி தட்டி, பொருள்கள் இடம் மாறாமல் இருக்கின்றனவா என்று பட்டியலோடு ஒத்துப்பார்க்கும் நாள். வழிகாட்டி தலையணையைத் தட்டிச் சரிசெய்தாள். உறை வெதுவெதுப்பாக இருந்தது.

அந்தக் கட்டிலில் படுக்க யாருமே இருந்ததில்லை. நூறு வருடங்களுக்கு முன் இங்கே வாழ்ந்த நீதிபதிக்குப் பிள்ளை இல்லை. அவருடைய மேசையையும் மைக்கூட்டையும் பார்த்துப் பார்வையாளர்கள் கொட்டாவி விட்ட ஒருநாள், அவள் வாய்க்கு வந்தபடி கதை விட்டாள். நீதிபதிக்கு ஏழு வயதில் ஒரு மகள். மாடி அறையில் மூன்று நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டபடியே கண்ணை மூடினாள். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கூட்டம் பெருகியது. காப்பாளர் பழைய சாமான் கடையில் கட்டில் வாங்கிப்போட்டு, பலகையும் எழுதிவைத்தார். செத்த தேதி கிடைக்கவில்லையே என்றுதான் அவருக்கு வருத்தம்.

அப்போது அவளுடைய சொந்த மகளுக்கு மூன்று வயது. இப்போது ஏழு. பள்ளி விடுமுறை என்பதால் மூன்று நாளாக அம்மாவோடு வருகிறாள். வந்த நாளிலிருந்து உடம்பு லேசாகச் சுட்டது. வெயில் என்று இவள் விட்டுவிட்டாள்.

கீழே இறங்கினாள். கூடத்தில் வண்ணப் பென்சில்கள் மட்டும் கிடந்தன. ஈரத்துணியும் கசப்பு மருந்தும் கலந்த வாடை, மூடிக்கிடக்கும் வீட்டில் வரவே கூடாத வாடை, மாடிப்படி வழியாக மெல்ல இறங்கி வந்தது. மேலே யாரோ இருமினார்கள்.

ஓடினாள். கட்டிலில் மகள் படுத்திருந்தாள்.

"அம்மா, உடம்பெல்லாம் எரியுது."

"ஏன் குட்டி இங்க வந்து படுத்தே?"

"நீதானே படுக்க வச்சே."

கைபேசியில் காப்பாளரை அழைத்தாள்.

"சார், அந்தப் பொண்ணு கதை பொய். நான் கட்டிவிட்டது. பலகையை எடுத்துடுங்க சார்."

"என்னம்மா விளையாடுறே? நாலு வருஷமா தினம் நீயே சொல்றே. இத்தனை பேர் அழுதுட்டுப் போயிருக்காங்க. இனிமே இல்லேன்னா யார் நம்புவாங்க?"

மகளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு அறை வாசல்வரை வந்தாள். கீழே வாசற்கதவு திறக்கும் சத்தம். பூட்டிய கதவு. பிறகு செருப்புச் சத்தங்கள். நிறைய.

"வாங்க, பார்த்து வாங்க. படி கொஞ்சம் உயரம்."

அவளுடைய குரல். அவளுடைய இழுவை.

கீழே இறங்க இருப்பது ஒரே மாடிப்படி. அதில் கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. அந்தக் குரல் மேசையைப் பற்றிச் சொல்லி முடித்துவிட்டது. மைக்கூடும் முடிந்தது. வழக்கமாகக் காய்ச்சலைப் படியேறும்போதே சொல்லிவிடுவாள். முடிவை அறை வாசலில் நின்று சொல்வாள்.

"நீதிபதிக்குப் பிள்ளை இல்லை!" என்று கத்தினாள். "இந்த வீட்டுல குழந்தையே இல்லை!"

யாரும் நிற்கவில்லை. பின்வாங்கினாள். முதுகில் சுவர் இடித்தது. தோளில் மகள் நெருப்பாகக் கொதித்தாள்.

"மூணாம் நாள் சாயங்காலம்..." குரல் வாசலுக்கு வந்துவிட்டது.

மகள் தலையைத் தூக்கினாள். தன்னைத் தூக்கி வைத்திருப்பவளின் முகத்தைப் பார்த்து, அடையாளம் தெரியாமல் மிரண்டாள். திமிறினாள். வாசல் பக்கம் திரும்பி இரண்டு கையையும் நீட்டினாள்.

"அம்மா."