அம்புரோஸின் முறை

எழுபத்துநாலு ஜூலையில் ஒரு மாலை. குன்னூர் சர்ச் ஹாலுக்குள் சில்வஸ்டர் நுழைந்தபோது மூடுபனியும் கூடவே நுழைந்து பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டது. மேடையில் மூன்று நாற்காலிகள். நடு நாற்காலியில் மறைந்த அம்புரோஸின் செல்லோ, அந்த ஆளுயர வயலின், தந்திகள் தளர்ந்து, சும்மா சாய்ந்திருந்தது.

ரோஸ்மேரி டீச்சர் எழுதிய இசை. எந்தச் சுரம் என்று மட்டும் எழுதியிருப்பார்; எவ்வளவு நேரம் என்பது வாசிப்பவர் இஷ்டம். முதலில் அவருடைய புல்லாங்குழல், அடுத்து செல்லோ, பிறகு சில்வஸ்டரின் வயலின். ஒருவர் முடிக்காமல் அடுத்தவர் தொடக்கூடாது. சட்டம் அவ்வளவுதான்.

போன கிறிஸ்துமஸுக்கு அந்தச் சட்டத்தைச் சில்வஸ்டர் மீறினான். அம்புரோஸ் கண்ணை மூடி ஒரே சுரத்தை இழுத்துக்கொண்டே போக, பின்னாலிருந்து யாரோ, "அண்ணா, டீ ஆறுதுங்க!" என்றார். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் தனக்கும் பங்கு வேண்டுமென்று சில்வஸ்டர் குறுக்கே புகுந்து ஒரு கல்யாண மெட்டை வாசித்துவிட்டான். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அம்புரோஸ் வில்லை மடியில் வைத்தார். அப்புறம் எடுக்கவேயில்லை. ஈஸ்டருக்கு முன்பே போய்ச் சேர்ந்தார்.

இன்று அவர் நினைவாக அதே இசை. அவர் முறையில் கொஞ்சம் மௌனம், பிறகு வயலின். முன்வரிசையில் அவர் மனைவி ஜெஸிந்தா. சில்வஸ்டரால் அவருடைய செருப்பைத்தான் பார்க்க முடிந்தது. ஒழுங்காக வாசித்துவிட்டு, இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும்.

புல்லாங்குழல் ஓய்ந்தது.

வில்லுக்குத் தேய்க்கும் பிசின் வாசனை வந்தது.

சில்வஸ்டர் வயலினைத் தாடைக்கடியில் வைத்தான். தாடை எலும்பு அதிர்ந்தது.

அவன் இன்னும் தந்தியைத் தொடவேயில்லை.

தாழ்ந்த சுரம். செல்லோவின் சுரம்.

"ஆரம்பிங்க சில்வஸ்டர்," ரோஸ்மேரி கிசுகிசுத்தார்.

"உங்களுக்குக் கேக்கலீங்களா டீச்சர்?"

"என்ன கேக்கோணும்?"

வில் அந்தரத்தில் நின்றது. கூட்டம் இருமியது. முடிந்துவிட்டதென்று சிலர் கைதட்டினார்கள். பிறகு சிரிப்பு, இந்த முறை அவனைப் பார்த்து. அவனுக்குக் காது மடல் எரிந்தது.

ஹால் காலியானது. ஜெஸிந்தா மேடையேறி செல்லோவை உறையில் போட்டார்.

"அக்கா, அன்னைக்கு நானு..."

அவர் உதட்டில் விரல் வைத்தார்.

"இருங்க தம்பி. அவரு இன்னும் முடிக்கலீங்க."

செல்லோவைச் சுமந்துகொண்டு பனிக்குள் போய்விட்டார். சுரம் மட்டும் போகவில்லை.

ஞாயிறு பூசை. சாமியார் செபத்தை முடித்தார். எல்லாரும் "ஆமென்" என்றார்கள். சில்வஸ்டரும் வாயைத் திறந்தான்.

அதிலிருந்து செல்லோ ஒலித்தது.

இந்த முறை கோயிலே திரும்பிப் பார்த்தது.

அவன் வாயை மூடிக்கொண்டான்.

சுரம் நிற்கவில்லை.