கால்கட்டு

காலையில் இரண்டு காலிலும் நின்ற கிளி, மூன்று மணிக்கு அவன் திரும்பி வந்தபோது ஒற்றைக் காலில் நின்றது. இடது காலில் கட்டு. பாதித் தீக்குச்சியை அணை கொடுத்து, மெல்லிய துணியைச் சுற்றி, நுனி தெரியாமல் மடித்து ஒட்டிய கட்டு. இந்த வீட்டில் அப்படிக் கட்டத் தெரிந்தவள் அக்கா ஒருத்திதான். அவளோ ஏழு மணிக்கே ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்விட்டாள். எட்டு மணிக்கு அவன் கிளம்பும்போதுகூடக் கிளி நன்றாகத்தான் இருந்தது.

ஆறு மணிக்கு அவனுக்கு வண்டி. கப்பலில் எந்திரம் பழுது பார்க்கும் வேலை, இரண்டு வருட ஒப்பந்தம். கட்டி வைத்த பெட்டியை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான் பாக்கி. அவன் கூண்டுக்கு முன்னால் நின்றான்.

அக்கா பதினெட்டு வருடமாக மாவுக்கட்டு அறையில் இருக்கிறாள். ஒடிந்த எலும்பை இழுத்துப் பிடிப்பதில் டாக்டர்களுக்கே அவள் கைதான் வேண்டும். அம்மாவும் அப்பாவும் ஒரே வருடத்தில் போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு ஆறு வயது. அவனுக்காகத்தான் அவள் கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டாள். அதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அந்தத் திருப்பணியை ஊர் பார்த்துக்கொண்டது. வேலைக்கு வேலை தாவுகிறான், வீடு தங்க மாட்டேன் என்கிறான், பேசாமல் இவனுக்கு ஒரு கால்கட்டுப் போடு என்று பக்கத்து வீட்டு அத்தை சொல்லாத வாரம் கிடையாது. அக்கா சிரிப்பாள். பெண் மட்டும் பார்க்கவே மாட்டாள்.

"போடுறேன் அத்தை. நான்தானே போடணும்" என்பாள்.

கிளியின் கால் முதன்முதலில் ஒடிந்தது, அவன் வெளியூருக்கு நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பிய அன்று. கூண்டுக் கம்பியில் மாட்டிக்கொண்டது என்றாள். தனக்கு விடுப்பில்லை, வேளாவேளைக்கு மருந்து ஊற்ற ஆள் வேண்டும் என்றாள். அவன் இருந்துவிட்டான். கால் கூடியது. அடுத்த முறை, புதுப் பட்டறையில் சேர வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம். அதற்கடுத்து, நண்பனோடு தனியாகத் தங்க அறை பார்த்துவிட்டு வந்த அன்று. அதே கால், அதே இடம். ஒவ்வொரு முறையும் அவள் கிளியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அது நடிப்பாக இருந்திருந்தால் அவனுக்கு இவ்வளவு கசந்திருக்காது.

மூன்றாம் முறை மாட்டாஸ்பத்திரி டாக்டர் அவனைத் தனியாக அழைத்தார். "கம்பியில மாட்டினா தோலும் கிழியும். இதுல ஒரு கீறல் இல்ல. யாரோ விரலால ஒடிச்சிருக்காங்க" என்றார். யாரைச் சொல்கிறார் என்று புரிந்ததால்தான் அவர்மேல் அவனுக்கு அத்தனை கோபம் வந்தது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறான். தொட்டிலில் இத்தனை நாள் கிடந்தது தான்தான் என்பது இப்போதுதான் உறைத்தது.

வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. மின்விசிறியை அவன் போடவில்லை. கூண்டுத் தட்டில் தானிய உமி உதிரும் சத்தமும், பின்கட்டில் எங்கோ குழாய் சொட்டும் சத்தமும் தனித்தனியாகக் கேட்டன. அவன் அக்காவுக்குப் போன் போட்டான்.

கிளிக்குக் கட்டு எப்போது போட்டாய் என்று கேட்டான். காலையிலேயே வீங்கியிருந்தது, போட்டுவிட்டுத்தான் வந்தேன் என்றாள். குரல் சாதாரணமாக இருந்தது.

"இப்ப எங்க இருக்க?"

"வேலையிலதான். ஒரே கூட்டம்."

கூட்டத்தின் இரைச்சல் எதுவும் கேட்கவில்லை. அப்போது கிளி கீச்சென்று கத்தியது. அந்தக் கத்தல் கூண்டிலிருந்தும் வந்தது, போனுக்குள்ளிருந்தும் வந்தது.

அவளும் அதைக் கேட்டிருக்க வேண்டும். உடனே போனை வைத்துவிட்டாள்.

கிளி அலகைத் திறந்தது. ஆறு வருடத்தில் ஒரு வார்த்தை பேசாத கிளி. இப்போது அக்காவின் குரலில், அவள் மருந்து ஊட்டும்போது குழையும் அதே குரலில் பேசியது.

"அசையாத தம்பி. வலிக்காது. அக்கா இருக்கேன்ல."

அதன் பிறகு ஒரு சத்தம். டக். காய்ந்த சுள்ளி ஒடிவதுபோல.

கிளியை அக்கா பச்சை என்றுதான் கூப்பிடுவாள். தம்பி என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அப்படியானால் அவள் கிளியின் காலில் கைபழகிப் பார்த்திருக்கிறாள்.

"அசையாத தம்பி." டக். "அசையாத தம்பி." டக்.

பெட்டியை எடுத்தான். வாசல் கதவுக்கு ஓடினான். வெளியிலிருந்து பூட்டியிருந்தது. வரும்போது அவன் பூட்டவில்லை. சாவி கதவில் இல்லை.

பின்கதவு. சமையலறையைத் தாண்ட வேண்டும். குளியலறையைத் தாண்ட வேண்டும். பெட்டியைப் போட்டுவிட்டுப் போனான். ஈரச் சுண்ணாம்பு வாடை. குளியலறையில் விளக்கு எரிந்தது. எட்டிப் பார்த்தவன் உள்ளே கால்வைத்துவிட்டான்.

தரையில் பஞ்சுப் பட்டை விரித்திருந்தது. இடுப்பிலிருந்து பாதம் வரைக்குமான நீளம். பக்கத்தில் ஒரு வாளி. வாளித் தண்ணீரில் மாவுத்துணிச் சுருள்கள். அகலமானவை. தொடைக்குச் சுற்றுபவை. எட்டு.

சுருள்களிலிருந்து காற்றுக் குமிழிகள் வந்துகொண்டிருந்தன. இப்போதுதான் போட்டிருக்கிறாள். குமிழி நின்றதும் எடுத்துச் சுற்றிவிட வேண்டும், கொஞ்சம் தாமதித்தாலும் கல்லாகிவிடும் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். ஒடிந்த கால் கைக்குக் கிடைத்த பிறகுதான் சுருளை நனைப்பாளாம்.

முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தும் சத்தம். தாழ்ப்பாள். அவன் கழுத்தில் மூச்சு பட்டது.

"அசையாத தம்பி."

கூண்டு முன்னறையில் இருந்தது. இந்தக் குரல் காதருகில்.

ஒரு குமிழி வந்தது. இன்னொன்று. அப்புறம் தண்ணீர் அசையவில்லை.