வால் மணி

செங்கொடி இரண்டு முறை மணி அடித்தாள். அவளுக்குப் பின்னாலும் ஒரு மணி இரண்டு முறை அடித்தது.

திரும்பி வரும் சைக்கிள் வரிசையில் கடைசி ஆள் அவள்தான். அவளுக்குப் பின்னால் எண்ணூர் சாலையும், இருட்டிக்கொண்டு வரும் கடலும், கரையில் கொட்டிக் கிடக்கும் கருங்கல்லும் தவிர வேறு எதுவும் இருக்க நியாயமில்லை. கண்டெய்னர் லாரி ஏதாவது வந்திருந்தால் விளக்காவது முதுகில் விழுந்திருக்கும். லாரிக்காரன் சைக்கிள் மணியும் அடிக்க மாட்டான்.

முன்னால் போன ரஹீம் தலையைத் திருப்பாமலே கேட்டான். "இன்னாக்கா, நாலு தபா அடிக்கிற?"

கை தெரியாமல் பட்டுவிட்டது என்று பொய் சொன்னாள்.

காலடிப்பேட்டை மலை சைக்கிள் கிளப் என்று பெயர் வைத்தபோது ஊரே சிரித்தது. திருவொற்றியூரில் மலைக்கு எங்கே போவது? நிலக்கரிக் குவியலும் சாம்பல் மேடும்தான் மலை. ஆனால் கடல் ஒரு பக்கம் அரித்து, லாரிகள் மறுபக்கம் உழுதுபோட்ட அந்தச் சாலைக்குத் தடித்த டயரும் கியரும் உள்ள சைக்கிள்தான் சரிப்பட்டது. புதுப்பேட்டையில் பழையதாகப் பார்த்து வாங்கி வந்து, லேத்துப் பட்டறை வைத்திருக்கும் ரகுபதி ஒவ்வொன்றாகச் சரிசெய்து கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிளம்பி எண்ணூர் முகத்துவாரம் வரை போய், ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவார்கள். அவ்வளவுதான் கிளப். அந்த ஒரு சாயங்காலத்துக்காக வாரம் முழுக்க உழைக்கலாம் என்று மதி சொல்வான்.

அந்தச் சாலையில் கத்திப் பிரயோஜனமில்லை. கடற்காற்று வாய்ச்சொல்லைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். அதனால் ஒரு ஏற்பாடு. முதலில் போகும் ரகுபதி "பள்ளம்" என்பார். அடுத்தவர் அதைத் தனக்குப் பின்னால் வருபவருக்குச் சொல்வார். அப்படியே சொல் கைமாறிக் கைமாறிக் கடைசி ஆளுக்கு வந்ததும் அவர் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, இரண்டு முறை மணி அடித்தால் போதும். அதற்கு வால் மணி என்று பெயர். அது காதில் விழுந்தால் வரிசை அறுபடவில்லை என்று அர்த்தம். திரும்பி வரும்போது அவரவர் இடம் வந்ததும் "வூடு" என்று சொல்லிப் பிரிந்துகொள்ள வேண்டும். வூடு சொல்லாத இடத்தில் யாரும் சைக்கிளை விட்டு இறங்கக் கூடாது. வால் ஆள் ஒருத்தரையும் விட்டுவிட்டு வரக் கூடாது. இத்தனை சட்டமும் போட்டவன் மதி. செங்கொடியின் புருஷன். வால் ஆளும் அவன்தான்.

போன ஆடி மாதம் கடல் பொங்கிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், சாலையைக் கடல் கடித்துத் தின்ற இந்த இடத்தில்தான், மதி ரஹீமிடம் சொன்னானாம்: "பின்னால ஆளு வந்துகினு கீது. மணி அடிக்கிறான். நீ போய்க்கினே இரு, நான் பாத்துட்டு வரேன்." சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனான். வாலுக்குப் பின்னால் ஏது ஆள் என்று ரஹீமுக்கு உறைத்தபோது மதியைக் காணவில்லை. அந்த வாரக் கடைசியில் வலைக்காரர்களின் வலையில் சைக்கிள் ஏறியது. மணியை மட்டும் காணோம். ஆளும் கிடைக்கவில்லை.

ஆள் கிடைக்காததால் செங்கொடி தாலியைக் கழற்றவில்லை. காரியம் செய்துவிடலாம் என்று சொன்ன சொந்தக்காரர்களிடம், ஆளைக் காட்டுங்கள், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டாள். ஆறு வயசு அம்முவிடம் அப்பா கப்பல் வேலைக்குப் போயிருப்பதாகச் சொல்லி வைத்திருந்தாள். மதியின் மணியில் ஒரு கீறல் உண்டு. கிணுங்கென்று ஆரம்பித்துக் கடைசியில் கட்டென்று தட்டும். சந்தில் அந்தச் சத்தம் கேட்டால் போதும், அம்மு போட்டது போட்டபடி ஓடி வந்து கேரியரில் ஏறிக்கொள்வாள். ரயில் கேட் வரை ஒரு ரவுண்டு போய் வந்தால்தான் அப்பனை வீட்டுக்குள் விடுவாள். இப்போதும் சாயங்காலம் ஆனால் அவள் காது வாசலில்தான் இருந்தது.

உப்பேறிய சைக்கிளை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, வேறு மணி மாட்டி, கிளப்பில் அவளே வாலாகச் சேர்ந்துகொண்டாள். அவன் கேட்டது அவளுக்கும் கேட்க வேண்டும். அவனை வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். இதை யாரிடம் சொல்வது? ரகுபதிக்கு மட்டும் புரிந்திருந்தது. சேர்த்துக்கொண்ட அன்றே ஒரு கண்டிஷன் போட்டார். "பின்னால இன்னா சத்தம் வந்தாலும் சரி, நீ திரும்பக் கூடாது. புள்ள வூட்ல கீது, ஞாபகம் வெச்சுக்கோ."

இன்றைக்குக் கேட்டுவிட்டது. கிணுங், கட். கிணுங், கட்.

"பள்ளம்," என்றான் ரஹீம்.

திரும்பாதே என்றுதானே ரகுபதி சொன்னார், பேசாதே என்று சொல்லவில்லையே. செங்கொடி கழுத்தை ஒரு இம்மி அசைக்காமல், தன் தோளுக்குப் பின்னால் இருந்த இருட்டுக்கு, "பள்ளம்" என்று சொன்னாள். கீறல் மணி இரண்டு முறை அடித்தது. மிகவும் பக்கத்தில். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்.

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பயம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம். உப்புக்காற்றில் கண்ணீர் உலர உலர, முன்னால் ரஹீமின் பின்சக்கரத்துக்கு மேல் ஆடும் சிவப்பு விளக்கு வில்லையைப் பார்த்தபடி, ரஹீமுக்குக் கேட்காத குரலில் வீட்டுக் கதையெல்லாம் சொல்லிக்கொண்டே மிதித்தாள். அம்முவை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தாயிற்று. முன்பல் விழுந்துவிட்டது, பேசினால் காற்று வருகிறது. உன் சட்டையைத் தோய்க்காமல் அப்படியே வைத்திருக்கிறேன். திரும்பினால்தானே வம்பு? திரும்பாமலே கூட்டிக்கொண்டு போகிறேன், நீ பின்னாலேயே வந்துகொண்டிரு. பின்னால் டயர் ஈரத்தில் ஒட்டி ஒட்டிப் பிரிகிற சத்தம் அவள் வேகத்துக்கே வந்தது. துருவும் கடற்பாசியும் கலந்த வாடை அடித்தது. அது கூட அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

எர்ணாவூர் தாண்டி மறுபடி "பள்ளம்" வந்தது. அவள் பின்னால் சொன்னாள்.

"பள்ளம்," என்றது மதியின் குரல்.

அவனேதான். சளி கட்டினாற்போல் கொஞ்சம் கரகரத்தது. எத்தனை நாளாயிற்று அந்தக் குரலைக் கேட்டு! சந்தோஷத்தில் நாலு மிதி மிதித்த பிறகுதான் செங்கொடிக்கு ஒன்று உறைத்தது. வால் ஆள் சொல்லைத் திருப்பிச் சொல்ல மாட்டான். மணி அடிப்பான். திருப்பிச் சொன்னால் அவனுக்குப் பின்னால் ஆள் உண்டு.

மணி அடித்தது. மதியின் மணி இல்லை. துருப்பிடித்த வேறு ஒரு மணி, கொஞ்சம் தள்ளி.

அடுத்த சொல் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். திருவொற்றியூர் சாலையா, பள்ளத்துக்கா பஞ்சம்? சொல் வந்தது. அவள் வாயைத் திறக்கவே இல்லை. ஆனால் பின்னால் மதி சொன்னான். அவனுக்குப் பின்னால் ஒரு கிழவர் சொன்னார். அதற்கும் பின்னால் ஒரு பெண் குரல், தண்ணீரை விழுங்கிக்கொண்டே சொல்வது போல. பிறகு ஒருவன். பிறகு இன்னொருத்தி. பள்ளம். பள்ளம். பள்ளம். சொல் தேய்ந்து தேய்ந்து கடலோரமாகவே போய்க்கொண்டிருந்தது. போய் முடிகிற இடத்திலிருந்து ஒரு மணி. கேட்டதா இல்லையா என்கிற அளவுக்கு, அத்தனை தூரத்தில்.

அவள் வால் இல்லை. நடுவில் போய்க்கொண்டிருந்தாள்.

மதி யாரையும் விட்டுவிட்டு வர மாட்டான். அவன் போட்ட சட்டம். அவனைக் கூப்பிட்டால் அவனுக்குப் பின்னால் இருக்கிற அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டுதான் வருவான்.

ரகுபதி மார்க்கெட் முனையில் "வூடு" சொல்லிப் பிரிந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். தேரடியில் ரஹீம் நின்று, முகமெல்லாம் வெளுத்திருக்கிறதே, வீடு வரை வரட்டுமா என்று கேட்டான். அவளுக்கு வாயைத் திறக்கப் பயம். வேண்டாமென்று தலையை மட்டும் ஆட்டினாள். அவன் "வூடு" என்று சொல்லிவிட்டுப் போனான். முன்னால் சிவப்பு வில்லை இல்லை. முன்னால் யாரும் இல்லை. பின்னால் மட்டும் ஈர டயர்கள்.

காலடிப்பேட்டையில் கரண்ட் போயிருந்தது. சந்தில் ஒரு விளக்கில்லை. நாய்கள் குரைக்கவில்லை. சுவரோரமாகப் படுத்திருந்தவை எழுந்து, வாலை இடுக்கிக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக எதிர்ப்பக்கம் போயின. அவள் வாசலில் சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றினாள். பின்னால் எல்லாம் நின்றன. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம் சந்து நெடுக.

ஒரே ஒரு சொல். வூடு. சொன்னால் அவன் இறங்கி உள்ளே வருவான். துவைக்காத சட்டையைப் போட்டுக்கொள்வான். அம்முவைத் தூக்குவான். சொன்னால் அவர்களும் இறங்குவார்கள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ரத்தம் உப்புக் கரித்தது.

"செங்கொடி," என்றான் மதி. அவ்வளவுதான் கேட்டான். கெஞ்சக்கூட இல்லை.

அவள் சொல்லவில்லை. சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடித் தாழ்ப்பாள் போட்டாள். கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டாள். வெளியே கீறல் மணி இரண்டு முறை அடித்தது. காதைப் பொத்திக்கொண்டாள். புருஷனை வாசலோடு திருப்பி அனுப்பிய பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள். கையை எடுத்தபோது வெளியே தண்ணீர் சொட்டும் சத்தம் இல்லை. போய்விட்டார்கள். பிள்ளை பத்திரம். அது போதும்.

கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டுப் பச்சையம்மா. செங்கொடி சைக்கிளில் போகும்போதெல்லாம் அம்மு அவர் வீட்டில்தான் இருப்பாள். கையில் மண்ணெண்ணெய் விளக்கும் அம்முவின் ஒற்றைச் செருப்புமாக நின்றார்.

"அம்மு இத்த வுட்டுட்டு வந்துச்சு. இங்கதானே கீது?"

செங்கொடி திரும்பி இருண்ட வீட்டுக்குள் பார்த்தாள்.

"மணி கேட்டுச்சே. அப்பா மணின்னு ஒரே ஓட்டமா ஓடியாந்துச்சு. நீதான் வந்துட்டியேன்னு வுட்டேன்."

விளக்கைப் பிடுங்கிக்கொண்டு வெளியே பாய்ந்தாள். சைக்கிள் விழுந்தபடி கிடந்தது. சந்து நெடுக ஈரத் தடம், வந்த தடத்தின் மேலேயே திரும்பிப் போன தடம். வாசலுக்கு நேராகச் சின்னப் பாதச் சுவடுகள், ஒன்றில் செருப்பு, ஒன்று வெறும் கால். நாலு எட்டு. அதற்கு மேல் இல்லை.

தெருமுனைக்கு ஓடினாள். கடற்கரைப் பக்கம் முழு இருட்டு. அங்கிருந்து, வெகு தூரத்திலிருந்து, அது கைமாறிக் கைமாறி வந்தது. யாரோ ஒருவன் சொன்னான். பெண் சொன்னாள். கிழவர் சொன்னார். மதி சொன்னான். வரிசை திரும்பிவிட்டதால் அவன் பழையபடி கடைசியில் இருந்தான்.

அவனுக்கும் பின்னால், கேரியரில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு, முன்பல் இல்லாத வாயில் காற்று கலந்து ஒரு குரல் சந்தோஷமாகச் சொன்னது.

"பள்ளம்."

கிணுங், கட். கிணுங், கட்.