கோதுமை முளைத்த கொல்லை

வைக்கோல் போருக்குப் பின்னால், யாரும் எதையும் விதைக்காத இடத்தில், மொச்சை முளைத்திருந்தது. பருப்பு இரண்டாகப் பிளந்து மண்ணை முட்டிக்கொண்டு வந்த விதத்திலேயே அகிலாண்டத்துக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாம் இலை விடுவதற்குள் எந்தச் செடிக்கும் பெயர் சொல்லிவிடுவாள். சொந்தக்காரர்கள் பெயரில்தான் தடுமாறுவாள். மறுநாள் பக்கத்திலேயே உளுந்து, பயறு, கொள்ளு. சாணமும் நனைந்த வைக்கோலும் நாறும் அந்த மூலையில், வெயில் ஏறிய பிறகும், புளித்த பாலின் வாடை லேசாக வந்துகொண்டே இருந்தது. அவர்கள் வீட்டுப் பசு பால் வற்றி இரண்டு மாதமாகிறது.

மூன்றாம் நாள் புல் போல ஒன்று. நெல் என்றுதான் நினைத்தாள். பிடுங்கிப் பார்த்தால் வேரில் உமி இல்லை. வெறும் கோதுமை மணி ஒட்டியிருந்தது. பாபநாசம் வட்டாரத்தில் கோதுமை விதைக்கிற பைத்தியக்காரன் யார்?

சாப்பாடு போடும்போது புருஷன் தியாகேசனிடம் சொன்னாள்.

"கொல்லையில என்னென்னமோ மொளச்சிருக்குங்க."

"கோழித் தீனி சிந்தியிருக்கும். புடுங்கிப் போடு."

"கோழிக்கு யாருங்க கோதுமை போடுறா?"

அவர் கை சோற்றிலேயே நின்றது. "புடுங்கிப் போடுன்னு சொன்னேன்."

அவர் இப்படிக் கடுப்பாகப் பேசுவது பக்கிரி காணாமல் போனதிலிருந்துதான். பக்கிரி அவர்கள் நிலத்துக் குத்தகைக்காரன். குத்தகைக்காரர்கள் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று புது சர்க்கார் சட்டம் போட்டதும், தாலுகா ஆபீசுக்குப் போகிறேன் என்று தியாகேசனிடமே சொல்லிவிட்டுக் கிளம்பினான். பதினோரு நாளாகிறது. வேதாரண்யத்துக்கு உப்பள வேலைக்கு ஓடிவிட்டான் என்று இவர் ஊரெல்லாம் சொல்கிறார். விளைந்து நிற்கும் வயலை விட்டுவிட்டு எவனாவது உப்பு வாரப் போவானா? அகிலாண்டம் அதைக் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

பிடுங்கத்தான் போனாள். குனிந்தவள் எண்ணத் தொடங்கினாள். மொச்சை, உளுந்து, பயறு, கொள்ளு, கோதுமை. நெல்லும் இருந்தது. துவரை. கடலை. ஓரத்தில் பொடிப்பொடியாக எள். ஒன்பது.

அப்பாவைப் புதைத்த இடத்தில், பால் தெளித்த அன்று, இந்த ஒன்பதையும்தான் அள்ளித் தூவினார்கள்.

முளைகள் ஓர் ஆள் படுத்த நீளத்துக்கு நின்றன.

"அம்மா."

வேலிப் படலருகே தங்கமணி. பக்கிரியின் பெண்டாட்டி. "அவுங்களப் பத்தி ஏதும் தகவல் வந்துச்சாம்மா?"

"நீ இங்க ஏதாச்சும் தூவுனியா?"

"ஒங்க கொல்லைக்குள்ள நான் எதுக்கும்மா வரேன்?" எட்டிப் பார்த்தவளின் கண் முளைகள்மேல் நின்றது.

"கோழி சிந்துனது" என்றாள் அகிலாண்டம். சொன்னதும் அவளுக்கே வெட்கமாக இருந்தது. தங்கமணி முளைகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

சாயங்காலம் தியாகேசன் வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"தங்கமணிகிட்ட என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலீங்க."

 அவளைப் பார்த்துக்கொண்டே மண்வெட்டியை எடுத்தார். "அங்க ஒரு தென்னம்பிள்ளை வச்சுடறேன்."

வீட்டில் தென்னம்பிள்ளை எதுவும் இல்லை.

கொல்லையில் வெட்டு விழுந்தது. சொத். சொத். அகிலாண்டம் அறைக்குள் ஓடினாள். இரண்டு சேலை போதும். தங்கமணியிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, அப்படியே அண்ணன் வீட்டுக்கு. காலையில் சுருட்டாமல் விட்ட பாய் பெட்டியை மறித்துக் கிடந்தது. தூக்கினாள்.

பால் வாடை.

சாணி மெழுகிய தரை வெடித்திருந்தது. ஈரம். பருப்பு பிளந்த மொச்சை. உளுந்து. கோதுமை. எண்ண வேண்டாம் என்று நினைத்தாள். கண் எண்ணியது. ஒன்பது.

அவள் தலை வைக்கும் இடத்தில் தொடங்கி, கால் நீட்டும் இடத்தில் முடிந்திருந்தன.

கொல்லையில் மண்வெட்டிச் சத்தம் நின்றது.